மூன்று மில்லி கூடுதல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், திருவொற்றியூரில் ஆரம்பித்தது இது. சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நல்ல வாய் கிடையாது. ரேஷன் கடை, பஸ், பால் பூத், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் என்று எங்கள் தெருவைச் சுற்றி நான் சண்டை போடாத இடமே இல்லை. பாதிச் சண்டைக்குக் காரணம்கூட மறந்துவிட்டது. இந்தச் சண்டை மட்டும் மறக்கவில்லை.

மணலிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் எனக்கு மார்க்கிங் வேலை. டாங்க் செய்ய வரும் இரும்புத் தகட்டின் மேல், டிராயிங்கைப் பார்த்து, சாக்கட்டியால் கோடும் வட்டமும் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் போட்ட கோட்டின் மேலேயே கேஸ் கட்டர் ஓடும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கோடு பிசகியது என்று அதுவரை ஒருவனும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன்.

எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் என் அக்கா குடும்பம். அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டுக்காரர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஹார்பர் வரிசையில் வண்டி நின்றுவிட்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவர்கள் மகளின் பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் தாய்மாமன் தலையில்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு. மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிடுவாள். கணக்கில் மட்டும் அரையாண்டுத் தேர்வில் பத்தொன்பது. அக்கா அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெரிய பரிச்சைல பாஸ் ஆவல, அடுத்த நாளே என்கூட எறா உரிக்க வந்துரு. இப்பவே கிளவுஸ் வாங்கி வச்சிட்றேன்” என்றாள். அக்கா சும்மா மிரட்டும் ஆள் இல்லை. சொன்னால் செய்வாள். அந்தப் பெண்ணுக்கோ பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று ஆசை. கிளவுஸுக்கும் பாலிடெக்னிக்குக்கும் நடுவில் முப்பத்தைந்து மார்க் நின்றது.

டோல்கேட் பக்கம் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டோம். பத்து நாள் ஒழுங்காகப் போனாள். பதினோராம் நாள் அவளை அழைத்துவரப் போன நான், பைக்கைப் படிக்கட்டுக்கு நேராக நிறுத்தினேன். மேலிருந்து டியூஷன் சார், “சார், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. பசங்க எறங்கணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று ஷெட்டில் எனக்கு வேறு எரிச்சல். ஓரத்தில் ஆரம்பித்த பேச்சு, ரோடு யாருடையது என்பதற்குப் போய், கடைசியில் “உனக்கே கணக்கு தெரியுமாய்யா?” என்பதில் வந்து முடிந்தது. அத்தனை பிள்ளைகளும் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சார் திருப்பிக் கத்தவில்லை. உள்ளே போய் என் அக்கா மகளின் பையை எடுத்து வந்து, என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார்.

வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து அக்கா திறந்தாள்.

“இன்னாடா பண்ணிட்டு வந்துகீற? டியூஷன்ல இருந்து இட்டுகினு வாடான்னா, டியூஷனே இல்லாம பண்ணிட்டு வந்துகீறியே! இப்போ யாரு சொல்லிக் குடுப்பா? உன் பைக்கா?”

“நான் சொல்லிக் குடுக்குறேன்” என்றேன். வாய் முந்திக்கொண்டது. நான் பத்தாவதில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவன் என்பது அக்காவுக்கும் தெரியும். அவள்தான் அந்த மார்க் ஷீட்டை வாங்கி வந்தவள்.

சரி, விட்டதைப் பிடிக்க வேண்டும். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். காரணிப்படுத்துதல், அணிகள் பக்கமெல்லாம் வேகமாகத் தாண்டினேன். அதெல்லாம் என் எல்லை இல்லை. செய்முறை வடிவியல் என்ற பக்கம் வந்ததும் நின்றேன். வட்டம், தொடுகோடு, முக்கோணம். காம்பஸ், ஸ்கேல். இதற்கு எட்டு மார்க்காம். வரைபடத்துக்கு இன்னொரு எட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபதடி தகட்டில் வட்டம் போடுகிறவனுக்கு நோட்டுப் புத்தகத்தில் வட்டமா? “மத்ததெல்லாம் நீ படிச்சிக்கோ. வடிவியல் என்கிட்ட வுடு. எட்டுக்கு எட்டு” என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் உட்காருவோம். நல்ல பெண். கை சுத்தம். பென்சிலை ஊசி மாதிரி சீவி, தலைமுடி கனத்தில் கோடு போடுவாள். எங்கள் ஷெட்டில் பத்து வருடம் இருக்கும் ஆட்களுக்குக்கூட அந்தக் கை கிடையாது.

முதல் கணக்கு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு போட்டு நீளத்தை அளக்க வேண்டும். அவள் எட்டு சென்டிமீட்டர் கோடு போட்டாள். நான் என் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சரியாக எண்பது மில்லி.

“தப்பு” என்றேன். “எண்பத்து மூணு வை.”

அவள் என்னைப் பார்த்தாள். “கேள்வியில எட்டுன்னுதானே கீது மாமா?”

“கேள்வி போட்டவன் பேப்பர்ல போட்டுட்டுப் பூட்டான். வேலை செய்றவனுக்குத்தான் தெரியும். கம்மியாப் பூட்டா அப்பறம் ஒட்ட வைக்க முடியாது. மூணு மில்லி எப்பவும் கூட இருக்கணும். சொல்றத செய்.”

“இல்ல மாமா, ஸ்கூல்ல...”

“சொல்றத செய்னு சொன்னேன்ல!”

கத்திவிட்டேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழிரப்பரை எடுத்து, சரியாக இருந்த கோட்டை அழித்துவிட்டு, எண்பத்து மூன்றில் போட்டாள். அதற்குப் பிறகு கேள்வியே கேட்கவில்லை. நான் சொல்லிக் கொடுப்பது அவளுக்கு நன்றாகப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மாதமும் இப்படித்தான் போனது. வட்டத்தின் ஆரம் மூன்று என்றால் காம்பஸை முப்பத்து மூன்று மில்லியில் வைக்கச் சொன்னேன். ஐந்து சென்டிமீட்டர் பக்கம் ஐம்பத்து மூன்று. தினமும் ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சோதித்தேன். எது சரியான அளவில் இருந்ததோ அதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். வரைபடத்தில் மட்டும் நான் கை வைக்க முடியவில்லை. அந்தத் தாளில் கட்டம் அச்சடித்தே வந்துவிடுகிறது.

பிப்ரவரி கடைசியில் திருப்புதல் தேர்வு நடந்தது. பேப்பர் வந்தது. முப்பத்தொன்று. வரைபடத்தில் எட்டுக்கு எட்டு. நான் வாக்குக் கொடுத்த வடிவியலில் எட்டுக்கு இரண்டு. அதுவும் பக்கத்தில் போட்டிருந்த உதவிப் படத்துக்காக.

கணக்கு வேறு எங்கும் போகவில்லை. அதே வட்டம், அதே தொடுகோடுதான் வந்திருந்தது. படத்தைப் பார்த்தேன். கோடு ஒவ்வொன்றும் அத்தனை சுத்தம். வில் வெட்டும் இடமெல்லாம் ஊசிமுனை. அதன் மேல் சிவப்புப் பேனாவால் ‘அளவு தவறு’ என்று எழுதியிருந்தது. அளவு தவறா? என் ஸ்கேலால் அளந்து பழகிய பெண்ணுக்கா? அந்த ஆறு மார்க்கைப் போட்டிருந்தால் முப்பத்தேழு. பாஸ். ஒரு குழந்தையின் வாழ்க்கையையே ஒரு சிவப்புப் பேனா கெடுக்கிறது என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

“நாளைக்கு வந்து கேக்குறேன்” என்றேன்.

“வேணாம் மாமா” என்றாள். “ஸ்கூலுக்கு மட்டும் வராத மாமா. ப்ளீஸ்.”

அவள் பயந்த சுபாவம் என்று நினைத்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல். கையில், துணி சுற்றிய பெரிய இரும்பு டிவைடர். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் “கைல இன்னா?” என்று கேட்டதற்கு அவரிடமும் இரண்டு வார்த்தை ஏறிப் பேசிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஆசிரியர்கள் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கணக்கு டீச்சர் சின்ன உருவம். கண்ணாடி. டப்பாவிலிருந்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஆரம்பித்தேன். இந்தக் கோட்டுக்கு என்ன குறை, எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ், என் கோட்டில் வெட்டிய தகடு கப்பலில் போயிருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற டீச்சர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

கணக்கு டீச்சர் என்னை முழுதாகப் பேசவிட்டார். பிறகு பேப்பரை என் பக்கம் தள்ளினார். “ஸ்கேல் கொண்டு வந்திருக்கீங்க போல. உங்க ஸ்கேல்லயே அளங்க சார்.”

இதைத்தானே எதிர்பார்த்தேன். ஸ்கேலை வைத்தேன். கண்ணைக் குறுக்கிப் பார்த்தேன். “எண்பத்து மூணு!” என்றேன் அந்த அறைக்கே கேட்கும்படி. “அரை மில்லி பிசகல. பாத்துக்கோங்க.”

“கேள்வியில எவ்வளவு?”

“எட்டு சென்டி.”

“எட்டு சென்டின்னா எண்பது இல்லையா?”

பாவம், படித்தவர்களுக்கு வேலை தெரியாது என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. “மீதி மூணு அலவன்ஸ் டீச்சர். கேஸ் கட்டிங் பண்ணும்போது நெருப்பு ரெண்டு மில்லி தின்னுரும். அப்பறம் ஓரத்த கிரைண்டிங் பண்ணும்போது ஒண்ணு பூடும். கடைசில கரெக்டா எண்பது வந்து நிக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இத யார் சார் வெட்டப் போறாங்க?” என்றார்.

நானும் பேப்பரைப் பார்த்தேன். பேப்பர்தான். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவில்லை. எண்பது என்று எழுதியிருந்தால் என் கை எண்பத்து மூன்றில் போய் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக அது மூளையைக் கேட்பதில்லை.

முதலில் சிரித்தது பி.டி. டீச்சர். அப்புறம் அந்த அறை முழுக்க. ஒருவர் சிரித்த சிரிப்பில் வேர்க்கடலை டப்பா கீழே விழுந்தது. நான் குனிந்து பொறுக்கினேன். முகத்தை வைத்துக்கொள்ள எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது.

கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரில் கடைசி வரியை விரலால் காட்டினார். தொடுகோட்டை அளந்தால் 7.6 என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சரிபார்க்கும் கணக்கை அவளே போட்டு, 7.4 என்று சரியாகக் கொண்டு வந்திருந்தாள். “கணக்கு சரி. படம்தான் தப்பு. அவளுக்கே தெரிஞ்சிருக்கு சார். தெரிஞ்சே ஏன் அப்படி வரைஞ்சான்னு எனக்குத்தான் ரெண்டு நாளா புரியல.”

ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார்கள். கதவோரம் வந்து நின்றாள். நான் கையில் வேர்க்கடலையோடு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“ஏம்மா, தப்புன்னு தெரிஞ்சா வீட்ல சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டார் டீச்சர்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சொன்னா மாமா கத்தும் மிஸ்.”

“பரிச்சையிலயாவது சரியாப் போட்டிருக்கலாமே?”

“பேப்பர் வூட்டுக்கு வரும்ல மிஸ். அப்பவும் கத்தும்.”

யாரும் இப்போது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ மேல். என் வாயால் டியூஷன் போனது. அதே வாயால் ஆறு மார்க்கும் போனது. அவள் ஃபெயிலுக்குக்கூடத் தயாராக இருந்தாள், என் சத்தத்துக்குத் தயாராக இல்லை. “தப்பு என்னுது டீச்சர்” என்றேன். இந்த வாக்கியத்தை அதற்கு முன் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர் ஒரு வழி சொன்னார். தினமும் பள்ளி முடிந்ததும் கணக்கில் பின்தங்கிய ஐந்து பெண்களை வைத்து முக்கால் மணி நேரம் சொல்லித் தருகிறாராம். இவளும் வரட்டும். “நீங்களும் வாங்க சார். மொதல்ல உங்க கையைத் திருத்தணும். இல்லன்னா நான் இங்க சரி பண்றதை நீங்க வீட்ல போய் வெட்டிடுவீங்க.”

கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. காலை ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, எட்டு சென்டிமீட்டர் கோடு போட்டேன். எண்பத்து மூன்று வந்தது. மறுபடி போட்டேன். எண்பத்து மூன்று. அந்தப் பெண்கள் எனக்கு ‘மூணு மில்லி மாமா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்த என் அக்கா மகள், நாலாவது நாள் என் நோட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, உன் கை மறுபடி வேலைக்குப் பூட்ச்சி. அழி” என்றாள். நான் அழித்தேன். அடுத்த வாரம் அவள், “எத்தினி வாட்டி சொல்றது!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். பரம்பரைத் தொண்டை. எனக்கு என்னவோ அது சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரத்தில் என் கை திருந்தியது. எண்பது என்றால் எண்பதில் நின்றது. திருந்திய கையோடு ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஆயிரத்து இருநூறு மில்லித் தகட்டுக்கு, சரியாக ஆயிரத்து இருநூறிலேயே கோடு போட்டுவிட்டேன். வெட்டி, தேய்த்து, பொருத்தப் பார்த்தால் மூன்று மில்லி குறைகிறது. ஃபோர்மேன் என்னைவிட வயதில் சின்னவன். வருடக்கணக்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். சுற்றி இருந்தவர்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வேடிக்கைக்குத் தயாரானார்கள். “தப்பு என்னுதுதான்” என்றேன். இரண்டாவது முறை என்பதால் கொஞ்சம் சுலபமாகவே வந்தது. ஃபோர்மேன் என் நெற்றியில் கை வைத்து, “அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றான்.

ஏப்ரலில் பொதுத்தேர்வு. கணக்குப் பரீட்சை அன்று தேர்வு மையத்துக்கு வெளியே வெயிலில் நின்றேன். பைக்கை ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன். அவள் வெளியே வந்தாள். நான் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

“வடிவியல் வந்துச்சா?”

“வட்டந்தான் வந்துச்சி.”

“எவ்ளோ வச்ச?”

“கேள்வியில இன்னா கீதோ அத்த வச்சேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மே மாதம் ரிசல்ட். கணக்கில் நாற்பத்தேழு. என்னைவிட ஆறு மார்க் அதிகம். வாங்கி வைத்திருந்த கிளவுஸை அக்கா மீன் கழுவ எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, “நீ சொம்மா இருந்திருந்தா அம்பது தாண்டியிருக்கும்டா” என்றாள். இருக்கும். அன்று மாலையே ஒரு ஸ்வீட் பாக்ஸோடு டோல்கேட் டியூஷனுக்குப் போனேன். சார் மேலிருந்து என்னைப் பார்த்ததும் இரண்டு படி பின்வாங்கினார். “பைக்கு?” என்றார். “ஓரமா நிறுத்திட்டேன் சார்” என்றேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு. அவருக்குப் புரிந்தது. பாக்ஸை வாங்கிக்கொண்டார்.

அவள் பாலிடெக்னிக் சேர்ந்து இரண்டாவது மாதம், ஒர்க் ஷாப் வகுப்பிலிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். “மாமா, எங்க சாரு இரும்புல மார்க் பண்ணும்போது அரம் போட ஒரு மில்லி கூட வுடணும்னு சொல்றாரு. கிளாஸே முழிச்சிகினு கீது. எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கல. நீ சொன்னது கரெக்ட்டுதான் மாமா. எடந்தான் தப்பு.”

கோபம் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை, போன வாரம்கூட சிலிண்டர்காரரிடம் ஒரு சண்டை. ஆனால் இப்போதெல்லாம் கத்துவதற்கு முன் மனசுக்குள் ஒரு தடவை என் கோட்டை நானே அளந்து பார்க்கிறேன், பாதி நேரம் அந்த மூன்று மில்லி என் பக்கம்தான் கூடுதலாக இருக்கிறது.